மழைக்குப் பின் ஐரோப்பா: மாக்ஸ் எர்ன்ஸ்டின் நிலக்காட்சியும் டிகால்கமேனியா உத்தியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனவையும் தற்செயலையும் கலையாக்கிய சர்ரியலிச இயக்கத்தின் ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1940-க்கும் 1942-க்கும் இடையில் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம் 'மழைக்குப் பின் ஐரோப்பா – 2'. அதன் முன் நிற்பவர்கள் பெரும்பாலும் கேட்பது, இத்தனை அரிப்பையும் பாசியையும் துவாரங்களையும் ஒரு மனிதர் கையால் எப்படி வரைந்தார் என்றுதான். அந்த அரிப்பை அவர் வரையவில்லை. ஈர வண்ணத்தின் மேல் ஒரு பரப்பை அழுத்தி எடுத்தார்; கிடைத்த கோலத்தில் வேண்டாததைத் தூரிகையால் மூடினார். இந்த உத்திக்கு டிகால்கமேனியா என்று பெயர். ஓவியத்தையும், உத்தியை நாமே செய்து பார்ப்பதையும் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

ஓவியத்தில் என்னதான் இருக்கிறது?

உயரம் சுமார் 55 செ.மீ., அகலம் சுமார் 148 செ.மீ. நீளவாக்கில் கிடக்கும் துணி. மேலே மேகங்களோடு தெளிந்த நீல வானம். கீழே காவியும் துருவும் பச்சையுமாகக் குவிந்து நிற்கும் எதுவோ ஒன்று: பவளப்பாறை என்றாலும் சரி, இடிந்த மாளிகை என்றாலும் சரி, அழுகிக் காய்ந்த உடல்கள் என்றாலும் சரி. நடுவில் தலைக்கவசமும் பறவைத் தலையுமாக ஓர் உருவம் ஈட்டி ஏந்தி நிற்கிறது. அருகில் நமக்கு முகம் காட்டாமல் ஒரு பெண். பறவைத் தலை எர்ன்ஸ்டின் படங்களில் திரும்பத் திரும்ப வருவது. லோப்லோப் என்று பெயர் சூட்டி அதைத் தன் மறுஉருவாகவே அவர் வைத்திருந்தார்.

அளவைக் கவனியுங்கள். உயரத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் அகலம். கண் ஓரிடத்தில் நிற்காமல் இடமிருந்து வலமாக நடந்துகொண்டே இருக்க வேண்டியதாகிறது. போட்டோவில் பார்த்துவிட்டு இதைச் சுவரளவு ஓவியம் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் ஒரு மேசையின் மேல் அடங்கிவிடும்.

எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம், ஹார்ட்ஃபோர்ட் நகரிலுள்ள வாட்ஸ்வர்த் அத்தீனியம் அருங்காட்சியகத்தில்.

எந்தச் சூழலில் வரையப்பட்டது? எந்த மழையைச் சொல்கிறார்?

எர்ன்ஸ்ட் 1891-இல் ஜெர்மனியில் கொலோன் அருகே ப்ரூல் என்ற ஊரில் பிறந்தவர். முதல் உலகப் போரில் ஜெர்மன் பீரங்கிப் படையில் இருந்தார். 1922-இல் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தார். 1937-இல் நாஜிகள் மியூனிக்கில் 'சீரழிந்த கலை' என்று பட்டம் கட்டி நடத்திய கண்காட்சியில் அவர் படமும் மாட்டப்பட்டது. 1939-இல் போர் மூண்டதும் பிரெஞ்சு அரசுக்கு அவர் எதிரி நாட்டுக்காரர். தெற்கு பிரான்ஸில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் அருகே, மூடிக்கிடந்த ஒரு ஓட்டுத் தொழிற்சாலையில் அமைந்த லே மீல் முகாமில் அடைத்தார்கள். ஜெர்மானியரும் விரட்டினர், பிரெஞ்சுக்காரரும் அடைத்தனர். 1941 ஜூலையில் லிஸ்பன் வழியாக நியூயார்க் போய்ச் சேர்ந்தார். ஓவியத்தை பிரான்ஸில் தொடங்கி அமெரிக்காவில் முடித்தார்.

இதே தலைப்பில் 1933-இலேயே ஒரு படம் செய்திருக்கிறார். அது ஒட்டுப்பலகையில் பிளாஸ்டரும் எண்ணெய் வண்ணமும் சேர்த்துச் செய்த, மேடுபள்ளம் தெரியும் வரைபடம். கரைகள் குழம்பிப்போன ஐரோப்பா. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஆண்டு அது. இரண்டாவது படத்தைப் போரின் நேரடிச் சித்திரமாக மட்டும் படித்தால் அந்த முதல் படம் கணக்கில் வராமல் போகும். பிரளயம் முடிந்து தண்ணீர் வடிந்த நிலம் என்ற எண்ணம் அவருக்குக் குண்டு விழுவதற்கு முன்பே இருந்தது.

டிகால்கமேனியாவைக் கண்டுபிடித்தவர் எர்ன்ஸ்டா?

இல்லை. சர்ரியலிஸ்டுகளுக்கு இதைக் கொண்டுவந்தவர் ஆஸ்கர் டொமிங்கெஸ். கேனரித் தீவுகளில் எரிமலை மண்ணான டெனரிஃபேயில் பிறந்தவர். 1930-களின் நடுவில் வழவழப்பான தாளில் கறுப்பு கௌவாஷ் (ஒளி ஊடுருவாத, நீரில் கரையும் வண்ணம்) பூசி, மேலே இன்னொரு தாளை வைத்து அழுத்தி, மெதுவாகப் பிரித்தார். பாறையும் அருவியும் குகையும் தானாக வந்தன. சர்ரியலிச இயக்கத்தின் தலைவர் ஆந்த்ரே ப்ரெத்தோன் 1936-இல் இதைப் பற்றி எழுதினார். 'முன்கூட்டி எண்ணிய பொருள் இல்லாமல்' செய்வது என்பதுதான் அவர்களுக்கு முக்கியமாகப் பட்டது. வரையத் தெரியாதவரும் செய்யலாம் என்பதால் ப்ரெத்தோன், குழுவைச் சேர்ந்த ஜாக்லின் லம்பா, ஈவ் தாங்கி எல்லாரும் கைவைத்துப் பார்த்தார்கள்.

அதற்கும் முன்னால், 19-ஆம் நூற்றாண்டில் எழுத்தாளர் ஜார்ஜ் சாண்ட் நீர்வண்ணத்தை இப்படி அழுத்தியெடுத்துக் காடுகளும் பாறைகளும் செய்திருக்கிறார்.

எர்ன்ஸ்ட் செய்த மாற்றம் இரண்டு. தாளிலிருந்து துணிக்கும், கௌவாஷிலிருந்து எண்ணெய் வண்ணத்துக்கும் கொண்டுபோனார். அதைவிடப் பெரியது, அச்சு விழுந்ததோடு நிறுத்தாமல் அதன் மேல் வாரக்கணக்கில் வேலை செய்தார். டொமிங்கெஸின் தாள்களை எர்ன்ஸ்டின் துணிகளோடு வைத்துப் பார்த்தால், தற்செயலைக் கொண்டாடுகிறவர் முன்னவர், அதை வேலைக்கு அமர்த்திக்கொண்டவர் பின்னவர் என்று தெரியும்.

அந்த நரம்பு நரம்பான கோலம் ஏன் வருகிறது?

இரண்டு தட்டையான பரப்புகளுக்கு நடுவே பிசுபிசுப்பான வண்ணம் மெல்லிய படலமாக அடைபட்டிருக்கிறது. மேல் பரப்பைத் தூக்கும்போது இடைவெளி பெருகுகிறது. வண்ணத்தின் அளவு அப்படியேதான் இருக்கிறது. கூடுதல் இடத்தை நிரப்ப ஓரத்திலிருந்து காற்று உள்ளே புகுகிறது. பிசுபிசுப்புக் குறைந்த காற்று, பிசுபிசுப்பு மிகுந்த வண்ணத்தைத் தள்ளும்போது எல்லைக்கோடு நேராக முன்னேறாது. எங்கே சற்று முந்துகிறதோ அங்கே தடை குறைவு. அதனால் மேலும் முந்தும். இப்படிக் காற்று விரல் விரலாக உள்ளே நீள்கிறது. விரல்களுக்கு நடுவில் மிஞ்சிய வண்ணம்தான் நாம் காணும் நரம்பு. இந்த நிலையின்மையை இயற்பியலில் விளக்கியவர்கள் சாஃப்மனும் டெய்லரும், 1958-இல்.

இதிலிருந்து கைவேலைக்கு நேரடியாகப் பயன்படும் விதிகள் கிடைக்கின்றன. படலம் மெல்லிசானால் நரம்பு நுணுக்கமாகும். வேகமாகத் தூக்கினாலும், வண்ணம் கெட்டியாக இருந்தாலும் நுணுக்கமாகும். மெதுவாகத் தூக்கினால் அகன்ற, தடித்த கிளைகள். கண்ணாடியைப் போல வளையாத பரப்பை நேராக மேலே எடுத்தால் எல்லா ஓரங்களிலிருந்தும் காற்று நுழையும். ஓரத்தில் மெல்லிய கிளைகள் ஏராளமாகவும், நடுவை நோக்கி அவை சேர்ந்து தடித்த தண்டாகவும் வரும். தாளை ஒரு முனையிலிருந்து உரித்தால் நரம்புகள் உரிக்கும் திசையிலேயே ஓடும். நெட்டுக்குத்தான தூண்கள் வேண்டுமா, மேல்கீழாக உரியுங்கள். படிவுப் பாறை வேண்டுமா, பக்கவாட்டில்.

பிராட்டாஜ், கிராட்டாஜ் என்றும் சொல்கிறார்களே, எல்லாம் ஒன்றா?

எல்லாமே எர்ன்ஸ்ட் கையாண்டவை, செய்முறை வேறு. பிராட்டாஜ் என்பது மரப்பலகை, இலை போன்றவற்றின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பது, 1925-இல் தொடங்கினார். கிராட்டாஜில், வண்ணம் பூசிய துணிக்கு அடியில் பொருளை வைத்து மேலிருந்து சுரண்டுவார். இரண்டிலும் கோலம் அடியிலுள்ள பொருளிலிருந்து வருகிறது. டிகால்கமேனியாவில் அடியில் எதுவும் கிடையாது, வண்ணமே தன் கோலத்தை உண்டாக்கிக்கொள்கிறது.

முதன்முதலாகச் செய்கிறேன். எதில் தொடங்குவது?

தாளில், கௌவாஷில், ஒற்றை நிறத்தில். கௌவாஷ் கிடைக்காவிட்டால் நல்ல போஸ்டர் கலர் போதும். தாள் வழவழப்பாக இருக்க வேண்டும்: ஆர்ட் பேப்பர், ஐவரி போர்டு, வழவழப்பான கார்ட்ரிட்ஜ் தாள் சரி. நீர்வண்ணத்துக்கான சொரசொரப்புத் தாள் வேண்டாம். அது தண்ணீரைக் குடித்துவிடும், நரம்பு எழும்பாது.

ஏ5 அளவில் இரண்டு தாள். ஒன்றில் ஏறக்குறைய 3 மி.லி. கறுப்பு வண்ணத்தை ஓர் அங்குலத் தட்டைத் தூரிகையால் பூசுங்கள். பதம் தோசை மாவு. தூரிகைத் தடம் சில விநாடிகளில் பாதி அடங்க வேண்டும், முழுதும் மறைந்துவிடக் கூடாது. ஒரே சீராகப் பூச வேண்டியதில்லை, ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் இலேசாகவும் இருப்பதே நல்லது. உடனே இரண்டாவது தாளை ஒரு விளிம்பில் தொட்டு, காற்றை வெளியே தள்ளியபடி படுக்க வையுங்கள். புறங்கையால் மிதமாக அழுத்துங்கள். பிறகு ஒரு விளிம்பைப் பிடித்து, நழுவவிடாமல், ஒரே வேகத்தில் தூக்குங்கள். முதல் அச்சு பெரும்பாலும் கொழகொழவென்றுதான் இருக்கும். அதே இரண்டு தாள்களை மறுபடி சேர்த்து எடுங்கள். மூன்றாவது நான்காவது முறையில், வண்ணம் சற்று இறுகிய பிறகு, நுணுக்கம் வரும்.

நம்மூர் வெயிலில் மின்விசிறிக்கு அடியில் இதைச் செய்தால் பாதியிலேயே காய்ந்துவிடும். விசிறியை நிறுத்துங்கள். கௌவாஷில் சில துளி கிளிசரின் கலந்தால் கொஞ்சம் நேரம் கிடைக்கும். அதிகம் கலந்தால் மழைக்காலத்தில் பிசுபிசுவென்று ஒட்டும்.

எர்ன்ஸ்ட் போல எண்ணெய் வண்ணத்தில் செய்ய என்ன வேண்டும்?

துணியைவிடப் பலகை எளிது. துணி கையழுத்தத்துக்குத் தொய்கிறது. நெசவுத் தடம் அச்சில் தெரிகிறது. 30 × 20 செ.மீ. எம்.டி.எஃப். (மரநார் அழுத்திச் செய்த) பலகை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஜெசோ (வெள்ளை அடிப்பூச்சு) மூன்று அல்லது நான்கு பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்ததும் 220 எண் உப்புத்தாளாலும், கடைசிப் பூச்சை 400 எண்ணாலும் தேயுங்கள். இதோடு விட்டால் போதாது. வெறும் ஜெசோ எண்ணெயை உறிஞ்சும். உறிஞ்சினால் வண்ணம் இறுகி, நரம்பு பிறப்பதற்கு முன்பே ஒட்டிக்கொள்ளும். மேலே ஓர் அடித்தளம் வேண்டும். டர்பன்டைனில் கரைத்த எண்ணெய் வண்ணத்தை, வெளிர் காவி அல்லது சாம்பலில், ஒரு மெல்லிய பூச்சாகப் பூசி ஒரு வாரம் காயவிடுங்கள். பின்னால் கோலத்தின் இடுக்குகளில் எட்டிப்பார்க்கப் போவது இந்த நிறம்தான் என்பதால் வெள்ளையாக விடாதீர்கள்.

வண்ணக் கலவை: டியூப் வண்ணம் 4 பங்கு, லின்சீட் (ஆளி விதை) எண்ணெய் 1 பங்கு, டர்பன்டைன் அரைப் பங்கு. 30 × 20 பலகைக்கு 0.2 மி.மீ. படலம் என்று வைத்தால் 12 மி.லி. கலவை தேவை, 40 மி.லி. டியூபில் நான்கு அச்சு எடுக்கலாம்.

நிறத் தேர்வில் காயும் வேகத்தையும் பாருங்கள். பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பில் மாங்கனீசு இருப்பதால் சில நாளில் காயும். ஐவரி பிளாக் மிக மெதுவாகக் காயும். தனியாக, கனமாகப் பூசினால் வாரக்கணக்கில் இழுத்தடிக்கும். ஆகவே இருட்டுக்கு பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரின் நீலமும் கலந்துகொள்வது உத்தமம். நடுவில் யெல்லோ ஓக்கர் (மஞ்சள் காவி), பர்ன்ட் சியன்னா (செங்காவி), டெர் வேர்ட் அல்லது விரிடியன் (பச்சைகள்). நிறங்களைத் தட்டில் கலக்காமல் பலகையில் பக்கம்பக்கமாகத் திட்டுகளாக வையுங்கள். அழுத்தும்போது எல்லைகளில் தாங்களே கலக்கும். எல்லாவற்றையும் முன்பே கலந்துவிட்டால் கிடைப்பது சேற்று நிறம் மட்டும்.

மேலே வைத்து அழுத்த எது நல்லது: கண்ணாடியா, தாளா, பிளாஸ்டிக்கா?

மூன்றுக்கும் மூன்று குணம். கண்ணாடி வளையாது, அழுத்தம் சீராகும், கிளைகள் அகன்று பெரிதாக வரும். 3 அல்லது 4 மி.மீ. கண்ணாடி, விளிம்பு தேய்த்து மழுங்கியது, இரண்டு கைகளுக்குள் அடங்கும் அளவு. ஏ4-க்கு மேல் போனால் வெற்றிடம் பிடித்து இழுக்கும். வலுக்கட்டாயமாக எடுத்தால் கண்ணாடி உடையலாம். ஓரத்தில் ஒரு தட்டைக் கரண்டியைச் செருகிக் காற்று விட்டால் இறங்கி வரும்.

ஓ.எச்.பி. ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) பழகுவதற்கு மிக நல்லது. அடியில் என்ன நடக்கிறது என்று தெரிகிறது, எந்த முனையிலிருந்தும் உரிக்கலாம், துடைத்துவிட்டுத் திரும்பப் பயன்படுத்தலாம். வழவழப்பான தாள் எண்ணெயைச் சிறிது உறிஞ்சிக்கொள்வதால் நரம்பு காய்ந்த, எலும்பு போன்ற தோற்றம் பெறும். ஒரே பலகையில் மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் நிலத்தில் பலவகை மண் இருப்பது போல் ஆகிறது. ஒன்றை மட்டும் வைத்துப் பலகை முழுக்க அழுத்தினால் சுவர்த்தாள் போல் அலுத்துவிடும்.

எர்ன்ஸ்ட் வரைந்த அகலத்தை ஒரே அழுத்தில் எடுக்க வேண்டியதில்லை. உள்ளங்கை அளவுத் துண்டுகளால், ஒன்றன் விளிம்பு மற்றொன்றின் மேல் ஏறும்படி, திசையை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே போகலாம்.

என்னுடையது வெறும் தீற்றலாக வருகிறது. ஏன்?

பெரும்பாலும் தூக்கும்போது பரப்பு பக்கவாட்டில் நழுவியிருக்கும். ஒரு மில்லிமீட்டர் நழுவினாலும் நரம்பு அழிந்துவிடும். பலகையை மேசையில் டேப் போட்டு நிறுத்துங்கள். முழங்கையை ஊன்றிக்கொண்டு மணிக்கட்டால் தூக்குங்கள்.

நரம்பு வந்து, சில நிமிடத்தில் உருகிச் சமமாகிவிட்டதா? எண்ணெயோ டர்பன்டைனோ அதிகம். கலவையில் டியூப் வண்ணத்தைக் கூட்டுங்கள். இல்லையென்றால் பூசியபின் கால்மணி நேரம் பொறுத்து, டர்பன்டைன் ஆவியானதும் அழுத்துங்கள். வட்ட வட்டமாக வெற்றிடங்கள் இருந்தால் அவை சிறைப்பட்ட காற்று. பரப்பை ஒரேயடியாகப் போட்டிருப்பீர்கள். ஓரங்களில் வண்ணம் பிதுங்கி, நடுவில் கட்டி கட்டியாக நின்றால் அளவு அதிகம். மங்கிய புள்ளிகள் மட்டும் இருந்தால் அளவு குறைவு அல்லது அடித்தளம் உறிஞ்சுகிறது. இரண்டையும் வேறுபடுத்த ஒரு வழி: பலகையின் மூலையில் ஒரு சொட்டு லின்சீட் எண்ணெய் விடுங்கள். சில நிமிடத்தில் மங்கிப்போனால் குற்றம் அடித்தளத்தில்.

இன்னொன்று, தாமதமாகத் தெரிவது. கனமான மேடுகள் மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே ஈரமாக நின்று, பின் சுருங்கும். சுருக்கம் அழகாகத்தான் இருக்கிறது என்று சிலர் விட்டுவிடுவார்கள். ஆனால் அதன் மேல் வானம் பூசினால், அடியிலிருப்பது அசைந்துகொண்டிருப்பதால் மேல்பூச்சு வெடிக்கும்.

அச்சு வந்துவிட்டது. இதை நிலக்காட்சி ஆக்குவது எப்படி?

பலரும் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். அச்சு எடுப்பது கால்மணி வேலை. எர்ன்ஸ்டின் படத்தைப் படமாக்கியது அதற்குப் பிறகு நடந்தவை.

முதலில் காயட்டும். விரலால் தொட்டால் ஒட்டாத நிலை போதாது. மேடுகளில் நகத்தை வைத்து அழுத்தினால் தடம் பதியக் கூடாது. மெல்லிய அச்சுக்கு இரண்டு மூன்று வாரம், கனமானதற்கு அதற்கும் மேல்.

அதுவரை பார்த்துக்கொண்டிருங்கள். இது சோம்பல் அல்ல, வேலையின் பகுதி. கறைபடிந்த சுவர்களை உற்றுப் பார்த்தால் அவற்றில் நிலக்காட்சிகளும் போர்களும் தெரியும் என்று லியோனார்டோ டா வின்சி ஓவியர்களுக்கு எழுதிய அறிவுரையை எர்ன்ஸ்ட் தாமே எடுத்துச் சொல்லியிருக்கிறார். பலகையை நான்கு பக்கமும் திருப்பிப் பாருங்கள். செல்போனில் படமெடுத்து இடவலம் மாற்றிப் பாருங்கள். 'ட' வடிவில் வெட்டிய இரண்டு அட்டைகளைச் சட்டம் போல் வைத்து நகர்த்துங்கள். எந்தப் பக்கம் கனம் கீழே இறங்கி நிற்கிறதோ அதுவே பெரும்பாலும் நிலம். ஒரு முகம் தெரிந்துவிட்டால் உடனே அதைத் தெளிவாக்கப் போகாதீர்கள். தெளிவாக்கிய முகம் மற்ற எல்லாவற்றையும் தின்றுவிடும்.

பிறகு ஓ.எச்.பி. ஷீட்டைப் பலகை மேல் விரித்து, வானம் எங்கே வரலாம் என்பதை அதன் மேல் வண்ணத்தால் பூசிப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் துடைத்துவிடலாம்.

வானம் ஏன் இவ்வளவு முக்கியம்?

ஏனென்றால் இந்த உத்தியில் உருவத்தை வெட்டித் தருவது வானம்தான். பலகை முழுக்க ஒரே கொந்தளிப்பாக இருக்கும்போது எதுவும் எதுவாகவும் தெரியாது. அதன் ஒரு பகுதியை மென்மையான, ஒளி ஊடுருவாத நீலத்தால் மூடியவுடன் மிச்சம் கோபுரமாகிறது, மலையாகிறது. கோபுரத்தை வரைவதில்லை, கோபுரம் அல்லாததை மூடுகிறோம்.

மூடப் போகும் இடத்திலுள்ள மேடுகளை முதலில் தட்டையாக்குங்கள். சவரப் பிளேடால் சீவி, தண்ணீர் தொட்ட 400 எண் உப்புத்தாளால் தேய்க்கலாம். உலர்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம். ஈயம், காட்மியம் சேர்ந்த நிறமிகளின் தூள் மூச்சில் போகக் கூடாது. டைட்டானியம் ஒயிட்டோடு அல்ட்ராமரினும் கொஞ்சம் செருலியனும் கலந்து மேலிருந்து தொடங்குங்கள். கீழே இறங்க இறங்க வெள்ளையும் ஒரு துளி ஓக்கரும் கூட்டுங்கள். ஜிங்க் ஒயிட்டைத் தவிர்ப்பது நல்லது, காலப்போக்கில் மொறுமொறுப்பாகி உடையும். வானத்துக்கான கலவையில் அடிப்பூச்சைவிட எண்ணெய் குறைந்துவிடக் கூடாது. எண்ணெய் மிகுந்ததன் மேல் எண்ணெய் குறைந்ததைப் பூசினால் வெடிப்பு நிச்சயம்.

விளிம்புதான் உயிர். 0 அல்லது 1 எண் உருண்டைத் தூரிகையால், அச்சில் ஏற்கனவே உள்ள நரம்பின் ஓரத்தைப் பின்தொடர்ந்து போங்கள். நீங்களாக ஒரு வளைவு போட்டால் அங்கே மட்டும் கை தெரியும். இன்னொரு உபாயம்: பாறையின் உட்பகுதியில் இருக்கும் சின்னச் சின்ன இடுக்குகளிலும் அதே வான நிறத்தை வைப்பது. பொட்டளவு நீலம் நாலு இடத்தில் விழுந்தால் திடமான பாறை சல்லடையாகி, பின்னால் வெளி திறக்கும். 'மழைக்குப் பின் ஐரோப்பா'வின் அரித்துப்போன தோற்றத்துக்கு இந்தச் சாளரங்கள் பெரிய காரணம்.

ஆழமும் ஒளியும் எப்படி வருகின்றன?

காய்ந்த அச்சின் மேல் மெல்லிய ஒளிபுகும் வண்ணம், உதாரணமாக பர்ன்ட் சியன்னாவைப் பூசி, மெல்லிய துணியால் மேடுகளை மட்டும் துடைத்தால் பள்ளங்களில் நிறம் தங்கும். அது காய்ந்தபின் உலர்ந்த தூரிகையில் வெளிர் ஓக்கர் தொட்டு மேடுகளின் ஒரே பக்கத்தில் உரசுங்கள். ஒளி இடப்பக்கம் என்றால் படம் முழுக்க இடப்பக்கம்தான். தூரத்துக் குன்றுகளுக்கு நீலச் சாம்பல் மூட்டம் ஒன்று போட்டு, கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் குறையுங்கள். நிற்கும் பொருள்களுக்கு அடியில் தரையில் நிழல் போடாவிட்டால் எல்லாம் மிதக்கும்.

பறவைத் தலை போன்ற உருவங்களைச் சேர்ப்பதென்றால் ஒன்றோ இரண்டோ போதும். உடையின் மடிப்பையோ இறகையோ அச்சிலிருந்தே எடுத்துக்கொண்டு, கண், அலகு, விரல் போன்ற இடங்களில் மட்டும் தூரிகை வையுங்கள். எர்ன்ஸ்ட் 1940-இல் வரைந்த, இப்போது வெனிஸில் பெக்கி குகன்ஹைம் தொகுப்பில் உள்ள 'மணப்பெண்ணின் அலங்காரம்' ஓவியத்தில் இறகங்கியைப் பாருங்கள், இந்தப் பங்கீடு தெரியும்.

அக்ரிலிக்கில் முடியுமா?

முடியும், ஆனால் அவசரம். ஓரிரு நிமிடத்தில் தோல் கட்டிவிடும். ரிட்டார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) சேர்க்கலாம், லேபிளில் சொன்ன அளவைத் தாண்டினால் சரியாகக் காயாது. தாளை வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொண்டு கிழியும், ஆகவே பிளாஸ்டிக் ஷீட்தான். அன்றே மேல்பூச்சு போடலாம் என்பது இதன் ஆதாயம். அச்சை அக்ரிலிக்கில் எடுத்து, அதன் மேல் வானத்தை எண்ணெய் வண்ணத்தில் போடுவதும் முறையானதே. தலைகீழாக மட்டும் செய்யக் கூடாது. எண்ணெய்ப் பரப்பில் அக்ரிலிக் பிடிக்காமல் உரியும்.

ஓவியத்தில் எது அச்சு, எது தூரிகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பக்கவாட்டு ஒளியில் பாருங்கள். இம்முறையில் செய்த படங்களில், கிளைகள் மெலிந்து முடியும் இடத்தில் கூட விளிம்பு கூர்மையாக, சிறு வரப்பு போல நிற்கும். தூரிகையால் அப்படி வராது. நீலம் எங்காவது ஒரு கிளையைப் பாதியில் வெட்டிக்கொண்டு போனால், அந்த நீலம் பிறகு வந்தது.

வேறு எந்தப் படங்களைப் பார்க்கலாம்?

எர்ன்ஸ்டின் 'மௌனத்தின் கண்' (1943–44), செயின்ட் லூயிஸில் வாஷிங்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில். 'வனாந்தரத்தில் நெப்போலியன்' (1941), நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில். மெக்ஸிகோவில் குடியேறிய ஓவியர் ரெமெதியோஸ் வாரோ 1950-களில் இதே உத்தியைச் சுவர்களுக்கும் காடுகளுக்கும் மிக அடக்கமாகப் பயன்படுத்தினார். அடக்கம் கற்றுக்கொள்ள எர்ன்ஸ்டைவிட வாரோ நல்ல பாடம்.

எர்ன்ஸ்டின் படத்தை நகலெடுத்து விற்கலாமா?

உத்திக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. படத்துக்கு உண்டு. எர்ன்ஸ்ட் 1976-இல் இறந்தார். இந்தியச் சட்டப்படி படைத்தவர் இறந்தபின் 60 ஆண்டுகள் என்பதால் இங்கே 2036 முடிவு வரையும், 70 ஆண்டுகள் என்றிருக்கும் பிரான்ஸ் போன்ற நாடுகளில் 2046 முடிவு வரையும் உரிமை நிற்கும். பழகுவதற்காக வீட்டில் நகலெடுப்பது வேறு, விற்பது வேறு.

பாதுகாப்பில் கவனிக்க வேண்டியது?

டர்பன்டைன் இருக்கும் அறையில் சன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு எரியக் கூடாது. அதைவிடப் பலர் அறியாதது, லின்சீட் எண்ணெய் துடைத்த துணி. அது காயும்போது வெப்பம் விடும். கசக்கிக் குப்பைத்தொட்டியில் குவித்து வைத்தால் தானாகவே தீப்பிடிக்கும். ஒவ்வொன்றாக விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். டிகால்கமேனியாவில் துடைக்கும் துணி அதிகம் சேரும்.

வார்னிஷ் எப்போது?

மெல்லிய படமானால் ஆறு மாதம், மேடுகள் கனமானால் ஒரு வருடம் கழித்து. பளபளப்பு வார்னிஷ் வேண்டாம். ஒவ்வொரு நரம்பும் விளக்கொளியைத் திருப்பி அடித்து, படம் தெரியாமல் ஈரம் மட்டும் தெரியும். மேட் அல்லது சாட்டின் வார்னிஷை, தூரிகையில் பள்ளங்களில் தேங்கிவிடும் என்பதால், ஸ்பிரேயாக இரண்டு மெல்லிய பூச்சு அடியுங்கள்.